அக்காவின் காதும் அத்தானின் வள்ளமும்

போன வாரம் தம்பியின் பேரன் சென்னையிலிருந்து வந்திருந்தான். காதுமடலில் ஓட்டை, அதில் ஒரு கறுப்பு வளையம். என் சுண்டுவிரல் தாராளமாக நுழையும். அவசரப்படாமல் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் பெரிசாக்க வேண்டுமாம், இல்லாவிட்டால் கிழிந்துவிடுமாம். பெரிய விஞ்ஞானம்போல விளக்கினான். நானும் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டேன். நயினார்கோவில் பக்கத்துக் கிழவிக்கு இதெல்லாம் எங்கே தெரியப்போகிறது, சொல்லுங்கள்.

என் அக்கா பாக்கியத்துக்கு அந்த விஞ்ஞானம் கைக்குழந்தையிலேயே நடந்துவிட்டது. காது குத்தி, துளையில் பஞ்சைத் திணித்து, பிறகு கனத்துக்கு ஈயக் குணுக்கைத் தொங்கவிட, பத்து வயதில் காது தோளைத் தொட்டது. அம்மா அதில் தன் பாம்படத்தை மாட்டி அழகு பார்த்தாள். அக்காவுக்கு ஏழு வருஷம் கழித்துப் பிறந்த என் காதை யாரும் வளர்க்கவில்லை, அதற்குள் காலம் மாறியிருந்தது. நான் நாகரிகக்காரி என்று எனக்கு ஒரே கர்வம். அதற்காக நான் செய்த காரியம், தாமதமாகப் பிறந்தது ஒன்றுதான்.

சுதந்திரம் வந்து ஏழெட்டு வருஷம் இருக்கும். அக்காவை மண்டபத்தில் ஒரு ரயில் குமாஸ்தாவுக்குக் கட்டிக்கொடுத்தார்கள். அத்தான் இங்கிலீஷ் பேப்பரை மடித்துக் கக்கத்தில் வைத்திருப்பார். விரித்து நான் பார்த்ததில்லை. மூன்றே மாதத்தில் அக்காவின் காது அவருக்குப் பாரமாகிவிட்டது. மற்ற குமாஸ்தாக்களின் மனைவிமார் சிரிக்கிறார்களாம். உடம்பைக் குத்திக் கிழித்து அலங்கோலம் பண்ணுவது காட்டுமிராண்டித்தனம், அறுத்துத் தைத்துக்கொள் என்றார். சொல்லும்போது சட்டைக் கையை மடித்துவிட்டிருந்தார். முன்கையில் பச்சை குத்தியிருந்தது: செசிலி.

அது யார் என்று அக்கா கல்யாணமான புதிதிலேயே கேட்டிருக்கிறாள். தங்கச்சிமடத்தில் இருந்த காலத்தில் தான் ஆசையாக ஏறிப்போன வள்ளத்தின் பெயர் என்றாராம். ரயில் குமாஸ்தாவுக்குப் படகின்மேல் அத்தனை பாசம்.

அன்றைக்கு நான் லீவுக்கு அங்கேதான் இருந்தேன். அக்கா தட்டில் மீன்குழம்பை ஊற்றிவிட்டு நிதானமாகச் சொன்னாள்.

"காத அறுத்துத் தச்சிட்டு வாரேன். நீங்களும் அந்த வள்ளத்த அழிச்சிட்டு வாங்க."

அத்தான் அதற்குமேல் சாப்பிடவில்லை.

ராமநாதபுரம் ஆஸ்பத்திரிக்கு நான்தான் துணைக்குப் போனேன். தைரியசாலி என்று என்னை அனுப்பினார்கள். கத்தியைக் கண்டதும் மயங்கி விழுந்து, அக்காவுக்கு முன்னால் கட்டிலில் படுத்த தைரியசாலி. அக்கா கண்ணை மூடவே இல்லையாம். வெட்டிய சதை வெற்றிலைக் காம்பு நீளத்துக்கு இரண்டு துண்டு, தட்டில் கிடந்தது.

அதற்குள் அத்தான் யாரோ சொன்னதைக் கேட்டுப் பச்சையை அழிக்கச் சேராங்கொட்டைப் பாலைக் கையில் தடவியிருந்தார். கை பனம்பழமாக வீங்கிப் பத்து நாள் காய்ச்சல். இரண்டு காதிலும் கட்டோடு அக்காதான் கஞ்சி ஊட்டினாள். தோல் உரிந்தபோது கடைசி எழுத்தைத் தவிர எல்லாம் போயிருந்தது. அக்கா கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"வள்ளம் முங்கிருச்சு. பாய்மரம் மட்டும் தெரியுது."

அத்தான் சிரித்துவிட்டார். அவர்கள் குடித்தனம் உண்மையில் அன்றைக்குத்தான் தொடங்கியது என்று நினைக்கிறேன்.

அம்மா மட்டும் சிரிக்கவில்லை. பார்க்க வந்தவள் வாசலிலேயே நின்றுவிட்டாள். "மூளியாக்கிட்டு நிக்கிறியேடி" என்று, இழவு விழுந்ததுபோல அழுதாள். பாம்படத்தை உருக்கி ஜிமிக்கி செய்ய ஆசாரியிடம் கொடுத்தார்கள். உடைத்தால் உள்ளே முக்கால்வாசி அரக்கு. ஊரே பொறாமைப்பட்ட தங்கம் அவ்வளவுதான். அதற்கும் சேர்த்து அம்மா அழுதாள்.

இப்போது ராமநாதபுரம் பஸ்ஸில் ஏறினால் தோள் தொடும் காது ஒன்றுகூடக் கண்ணில் படுவதில்லை. அந்தக் குமாஸ்தா மனைவிமாரின் பேத்திகள் வேண்டுமானால் மறுபடி வளர்த்துக்கொண்டிருப்பார்கள்.

அக்கா அடுப்பை ஊதக் குனிந்தால், ஆடும் பாம்படத்தைப் பிடித்துக்கொள்ள அவள் இடது கை தானாகத் தோளுக்குப் போகும். அங்கே ஒன்றும் இருக்காது. காது போய் நாற்பது வருஷத்துக்குப் பிறகும் போனது. பிறகு அக்காவோடு அந்தக் கையும் போய்விட்டது.