அம்மாவின் ஆல்டோ

நெடுநேரம் ஓடிய டேப் ரிக்கார்டரிலிருந்து சூடான பிளாஸ்டிக் வாசனை ஒன்று கிளம்பும், இரும்புலியூர் வீட்டு ஹாலில் அந்த வாசனை எழும்போதெல்லாம் அப்பா செய்தித்தாளைத் தாழ்த்தி, "ஏம்மா, அந்த ஆளு எப்பதான் பாட ஆரம்பிப்பான்?" என்று கேட்பார். யாரும் பாடமாட்டார்கள், இது ஜாஸ், இதில் சாக்ஸபோன்தான் பாட்டு என்று எத்தனை தடவை சொன்னாலும் மறுநாளும் அதே கேள்விதான். கப்பலில் வேலை பார்த்த மாமா கொண்டுவந்து தந்த அந்த ஒரே கேசட்டைத்தான் பள்ளிவிட்டு வந்ததும் தேயத் தேயக் கேட்பேன். அதையும் உட்கார்ந்து கேட்க வராது எனக்கு, ஹாலுக்கும் சமையலறைக்குமாக நடையாய் நடந்து, "கால்ல சக்கரமா கட்டியிருக்கு?" என்று திட்டு வாங்குவேன்.

அந்த வருடம் கிறிஸ்துமஸ் நெருங்கும்போது அம்மாவுக்குத் தலைபோகிற கவலை. தாம்பரத்தில் எங்கள் சபையின் பாடகர் குழுவில் அவள் "ஆல்டோ"; அதாவது, மெட்டைப் பாடாமல் அதற்குக் கீழே தனி வழியில் போகிற பெண்குரல். பக்கத்தில் நிற்பவர்கள் மெட்டை எடுத்ததுமே அம்மாவின் குரல் தன்னையறியாமல் அவர்கள் பின்னால் போய்விடும். பொறுத்துப் பொறுத்துப் பார்த்த கொயர் மாஸ்டர் ஒருநாள் எல்லார் எதிரிலும் சொல்லிவிட்டார்: "தப்பா நினைக்காதீங்க சிஸ்டர், கிறிஸ்துமஸுக்குள்ள உங்க பார்ட்ல நிக்கலைன்னா நீங்க கீழ சபையோட உட்கார்ந்துக்குங்க." வீட்டுக்கு வந்த அம்மா பாத்திரங்களைப் போட்டு உருட்டிக்கொண்டிருந்தாள்.

பயிற்சி முடிந்ததும் மாஸ்டர் ஒவ்வொருவர் பகுதியையும் ஆர்மோனியத்தில் தனியாக வாசித்துக் காட்டுவார். வசதியுள்ளவர்கள் பதிந்து எடுத்துப்போவார்கள். அம்மா எங்கள் டேப் ரிக்கார்டரை ஒயர் கூடையில் வைத்துத் தூக்கிக்கொண்டு போனாள். கடையில் வாங்குகிற பாட்டுக் கேசட்டின் மேல் வேறெதுவும் பதியக்கூடாதென்று அதன் முதுகில் ஓட்டை விட்டிருப்பார்கள்; அந்த ஓட்டையின் மேல் காயத்துக்கு ஒட்டுகிற பிளாஸ்திரியை ஒட்டி, என் சாக்ஸபோனை அழித்து ஆல்டோவைப் பதிந்துகொண்டு வந்தாள்!

வீடே அதிரக் கத்தினேன். "உனக்கு வேற கேசட்டே கிடைக்கலையாம்மா?"

"அதுல ஒருத்தரும் பாடலையேடீ. அப்பாவும் தினம் கேட்டுக் கேட்டுப் பாக்குறாரு, அந்த ஆளு வாயைத் திறக்கவே மாட்டேங்கிறான். வேணாம்னு கிடக்குற டேப்புன்னு நினைச்சேன்."

அழுகையாக வந்தது. அப்பா அன்று மட்டும் செய்தித்தாளை இறக்கவேயில்லை.

அதற்குப் பிறகு வீட்டில் காலையும் மாலையும் அந்த ஆல்டோதான். மெட்டு இல்லாமல் அது பாட்டாகவே இருக்காது. ஒரே இடத்தில் நின்று, நினைத்தாற்போல் அரைப்படி இறங்கி, எதற்கோ காத்திருந்து மறுபடி ஏறும். வாசலில் கூடையை இறக்கிய மீன்காரம்மா, "இன்னாக்கா இது, பாட்டுல பாதியக் காணோம்? கேக்கவே பேஜாரா கீது" என்றார். எனக்கும் அப்படித்தான். காதைப் பொத்திக்கொண்டு மொட்டை மாடிக்கு ஓடுவேன். ஓடியும் அது மண்டைக்குள் ஓடிக்கொண்டிருக்கும்.

கிறிஸ்துமஸ் ஆராதனையில் அம்மா நழுவட்டும் என்று ஒரு மனம், ஐயோ, நழுவிவிடுவாளோ என்று இன்னொரு மனம்; பெஞ்சில் இருப்புக்கொள்ளாமல் நெளிந்தேன். மற்றவர்கள் மெட்டை எடுத்தார்கள். அம்மா கண்ணை மூடிக்கொண்டு தன் வழியிலேயே நின்றாள். வீட்டில் தலையும் காலும் புரியாமலிருந்த அந்தப் பாதிப்பாட்டு மெட்டுக்கு அடியில் போய்ப் பொருந்தியபோது எனக்குப் புல்லரித்துப் போனது. கொயர் மாஸ்டர் அம்மாவைப் பார்த்துத் தலையசைத்தார். கேசட் போன கோபம் எனக்கு அப்போதும் தீரவில்லை, ஆனாலும் பெருமை தாங்கவில்லை.

இன்றுவரை ஜாஸ் கேட்பவள்தான். சாக்ஸபோன்காரர் உருகி உருகி வாசிக்கையில், பின்னாலிருக்கும் பியானோக்காரர் இடது கையால் என்ன செய்கிறார் என்று என் காது அங்கே ஓடிவிடும். எல்லோரும் கைதட்டுகிற மெட்டு வந்தால் பொறுமையில்லாமல் அடுத்ததற்குத் தள்ளிவிடுவேன். மாமா கொடுத்த அந்த இசை இப்போது கைபேசியிலேயே கிடைக்கிறது. அதில் முழுதாக ஒரு தடவைகூடக் கேட்டதில்லை.

எங்கள் சபையில் இப்போது பகுதி பிரித்துப் பாடுவதில்லை. கீபோர்டும் டிரம்ஸும் முழங்க, திரையில் வரிகள் ஓட, எல்லோரும் மெட்டைப் பாடுகிறார்கள். போன மாதம் அம்மாவை அழைத்துப்போனேன். பழைய பாட்டு ஒன்று வந்ததும் அவள் பாட்டுக்கு ஆல்டோவை எடுத்தாள். முன்வரிசையில் இரண்டு பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

வெளியே வந்ததும், "தப்பாப் பாடிட்டேனாடீ?" என்று கேட்டாள்.

"நீ பாடினதுதாம்மா சரி. அவங்களுக்கு அது தெரியாது."

"அதை யார்கிட்டப் போய்ச் சொல்றது, விடு."

அடுத்த ஞாயிறு அவளை ஒட்டி உட்கார்ந்து, பாட்டு எப்போது தொடங்குமென்று தவித்துக்கொண்டிருந்தேன். தொடங்கியது. அம்மா எல்லோரோடும் சேர்ந்து மெட்டையே பாடினாள். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.