கேமுக்குள் ஒரு பட்ட மரம்

1. முதலாளி கேட்டது

அல்லிநகரத்தில் ஒரு மாடியில் எங்கள் கேம் கம்பெனி. நான் அங்கே ஆர்ட்டிஸ்ட். அதற்கு முன்பு கல்யாண வீட்டு ஃபிளெக்ஸ் டிசைன் செய்துகொண்டிருந்தவன். எங்கள் கேம் எளிது. ஒரே மாதிரிப் படம் உள்ள மூன்று டைல்களைத் தொட்டால் அவை மறையும். திராட்சைக் கொத்து, ஏலக்காய், வாழைப்பூ எல்லாம் நான் வரைந்தவை. ஒவ்வொரு லெவல் முடியும்போதும் திரையின் ஓரத்தில் ஒரு மரம் வளரும். டைமர் கிடையாது. களைத்து வருகிறவர்கள் ஆறுதலாக விளையாடத்தான் அது.

ரிலீஸ் நெருங்கிய நேரத்தில் முதலாளி கூப்பிட்டார். என்னைவிட இளையவர்.

"அண்ணே, ஆளுக கொஞ்ச நேரம் விளையாண்டுட்டு போனக் கீழ வச்சிர்றாக. ஒரு நா வரலைன்னா மரம் காயணும். விளம்பரம் பாத்தாத்தான் திரும்பத் துளிர் விடணும். காஞ்ச மரம் ஒண்ணு வரைஞ்சு குடுங்க."

"மாட்டேன் தம்பி."

"சாயங்காலத்துக்குள்ள வேணும்ணே. இல்லாட்டி உங்க எடத்துக்கு வேற ஆளப் பாத்துக்கிர்றேன்."

2. வீட்டில் சொன்னது

எனக்கு ஆண்டிபட்டி. போர்வெல் வற்றி, தோட்டத்துத் தென்னைகள் ஒவ்வொன்றாகக் கொண்டை சாய்ந்ததை நானும் என் மனைவி முத்துலட்சுமியும் பார்த்தவர்கள். நான் வரையும் லெவலை முதலில் விளையாடிப் பார்ப்பது அவள்தான். மதியம் போனில் விஷயத்தைச் சொன்னேன்.

"வேல போயிருமா?" என்றாள்.

"போகலாம்."

"போனா திரும்ப ஃபிளெக்ஸ் அடிப்பீக. நம்ம வீட்டுல காஞ்சது போதாதா, ஊரான் போன்லயும் காய வைக்கணுமா? ஒரு நா வராதவுக சும்மாவா இருப்பாக? ஆசுபத்திரியில கெடப்பாக, வயக்காட்டுல நிப்பாக. அவுக மேல எதுக்குப் பழி?"

எனக்குத் துணிச்சல் வந்தது. உண்மையைச் சொன்னால், கோபம்தான் வந்தது.

3. நான் சொன்னது

சாயங்காலம் வெறுங்கையோடு முதலாளி அறைக்குப் போனேன்.

"தம்பி, காஞ்ச மரம் நெட்டுல வெலைக்குக் கெடைக்கும். வாங்கிப் போட்டுக்கங்க. ஆனா அது உள்ள வந்தா நான் வெளிய. நோயில கெடந்து எந்திரிச்சவுக போனத் தொறந்ததும் பட்ட மரத்தக் காட்டுவீக. அந்தப் பாவத்துல எனக்குப் பங்கு வேணாம்."

"சென்டிமென்ட் பேசாதீக. இது பிசினஸ்."

"நானும் சம்பளத்துக்குத்தான் வாரேன். மொட்டு, பூ, காய், எது கேட்டாலும் வரையிறேன். இது முடியாது."

அவர் முகம் சிவந்தது. என் மேல் அன்பு ஒன்றும் பொங்கிவிடவில்லை. ரிலீஸ் நேரத்தில் ஆர்ட்டிஸ்ட் போனால் கை ஒடிந்த மாதிரி என்று அவருக்குத் தெரியும். "சரி, இந்தத் தடவ வேணாம்" என்றார்.

கேம் வெளிவந்தது. அதில் மரம் காய்வதில்லை. ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். எங்கே? அடுத்த அப்டேட் மீட்டிங்கில் முதல் பேச்சே அதுதான். அதற்கடுத்த மீட்டிங்கிலும் கேட்டார்: "காஞ்ச மரம் என்னண்ணே ஆச்சு?"

இந்தத் தொழிலுக்கு வருகிற பிள்ளைகளே, முடியாது என்று ஒருமுறை சொல்லிவிட்டால் வேலை முடிந்தது என்று இருந்துவிடாதீர்கள். கேட்கிறவருக்கு அலுக்காது. நமக்கும் அலுக்கக் கூடாது. திங்கட்கிழமை மறுபடி மீட்டிங் இருக்கிறது. கேட்கட்டும்.