ஏழாவது ஆள்

காலையில் நான் பல் தேய்ப்பதற்கு முன்பே உலக வரலாறு வந்துவிடுகிறது. என்னோடு வேலை பார்த்து எனக்கு முன்பே ஓய்வுபெற்ற நண்பர் ஒருவர், அன்றன்றைய தேதியில் உலகத்தில் என்னென்ன நடந்தது என்று தினமும் வாட்ஸப்பில் அனுப்புகிறார். இன்றும் வந்தது. எங்கோ ஒரு மன்னர் தலையை இழந்திருக்கிறார். அதே தேதியில், வேறொரு நூற்றாண்டில், ஒருவர் சதம் அடித்திருக்கிறார். ஒரு கப்பல் மூழ்கியிருக்கிறது. யாரோ குத்துச்சண்டையில் பட்டம் வாங்கியிருக்கிறார்கள். கடைசியில் நண்பர் இரண்டு கைகளைக் கூப்பி வைத்திருந்தார். மன்னருக்கா, சதத்துக்கா என்று தெரியவில்லை.

இன்றைய தேதியில் ஒன்று விடுபட்டிருக்கிறது. அது நண்பருக்கும் தெரியும். அதனால்தான் மற்ற நாட்களில் வைக்காத கும்பிடு.

நானும் இந்தத் தொழில் செய்தவன்தான். வரலாற்றில் முதுகலை முடித்துவிட்டு, கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஓர் இரும்பு உருக்காலையின் அலுவலகத்தில் உதவியாளனாகச் சேர்ந்தேன். என் படிப்பை அந்த ஆலை பயன்படுத்திக்கொண்ட ஒரே இடம் வாசலில் இருந்த கரும்பலகை. தினமும் காலையில் அதில் ஒரு சரித்திரச் செய்தி, ஒரு விளையாட்டுச் செய்தி எழுத வேண்டும். ஷிப்டுக்கு வருகிறவர்கள் கார்டு பஞ்ச் பண்ண வரிசையில் நிற்கும்போது வேறு வழியில்லாமல் படிப்பார்கள். "நேத்து கப்பல் முழுவிச்சி, இன்னிக்கு ராஜாவ வெட்டிட்டாங்க. நாளைக்காவது நல்லதா எதுனா போடு சார்" என்று விண்ணப்பம் வரும். ராசிபலன் எழுதுகிறவனுக்குக்கூட அவ்வளவு நெருக்கடி இருந்திருக்காது.

சுண்ணாம்புக்கட்டி என்றதும் எனக்கு மூக்கில் ஏறுவது சுண்ணாம்பு வாசனை அல்ல, சுட்ட இரும்பின் வாசனை. மீஞ்சூரில் மின்சார ரயில் ஏறி கும்மிடிப்பூண்டியில் இறங்கினால் அது நாக்கிலேயே வந்து உட்காரும். நான் வீட்டுக்குள் நுழைவதற்கு முன் என் சட்டை நுழைந்துவிடுகிறது என்று கல்யாணமான புதிதில் மனைவி சொன்னாள். மழைக்காலத்தில் அந்த வாசனையில் ஒரு துருநாற்றமும் சேரும். திறந்தவெளியில் மலையாகக் குவிந்திருக்கும் ஸ்கிராப் நனைந்துவிட்டது என்று அர்த்தம். உடைத்த கப்பலின் தகடு, சைக்கிள், பழைய குழாய் எல்லாம் அதில் இருக்கும். வாய் நசுங்கிய குழாய்க்குள் தண்ணீர் தங்கி, அது அப்படியே உருகிய இரும்புக்குள் போனால் உலை வெடிக்கும். உலையின் முன்னால் யார் நிற்கிறாரோ அவர்மேல் இரும்பு மழையாக விழும்.

நான் சேர்வதற்கு முந்தைய வருடம், இதே தேதியில், கோதண்டம் நின்றிருந்தார்.

மேலாளர் நெல்லூர்ப் பக்கத்துக்காரர், கெட்டவர் என்று சொல்ல முடியாது. ஆலையின் விளையாட்டு விழாவை அந்தத் தேதிக்கே மாற்றிவிட்டார். "கெட்ட நாள நல்ல நாளாக்கணும் நைனா. அன்னிக்கு போர்டுல ஸ்போர்ட்ஸ் மட்டும் எழுது" என்றார். எழுதினேன். அன்றைக்கு மட்டும் உலகத்தில் யாரும் சாகவில்லை, எல்லோரும் ஓடினார்கள், குதித்தார்கள், கோப்பை வாங்கினார்கள்.

விழாவின் முக்கிய நிகழ்ச்சி, உலைப் பிரிவுக்கும், இரும்பைக் கம்பியாக உருட்டும் உருட்டாலைப் பிரிவுக்கும் கபடி. தடித்த கண்ணாடி போட்டவன் பாரபட்சமில்லாமல் தப்பு செய்வான் என்று என்னை நடுவராகப் போட்டார்கள். உலை அணி வந்து நின்றது. எண்ணினேன், ஆறு பேர். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் எண்ணினேன். அணித்தலைவர் எத்திராஜிடம் ஏழாவது ஆள் எங்கே என்று கேட்டேன்.

"கீறாரு சார். நீ விசில் ஊது."

அவர்கள் வரிசையில் இடது ஓரத்தில் ஓர் ஆள் அகலத்துக்கு இடைவெளி விட்டிருந்தார்கள். கோதண்டம் எத்திராஜின் தங்கை கணவர், அணியின் இடது ஓரக்காரர் என்று பிறகுதான் தெரிந்தது. ஆறு பேராகவே ஆடித் தோற்றார்கள். அடுத்த வருடமும் ஆறு பேர், அடுத்த தோல்வி.

அவர்களுக்கு இன்னொரு வழக்கமும் இருந்தது. அந்தத் தேதியில் மட்டும் ஸ்கிராப்பைக் கிரேனிலிருந்து நேராக உலையில் கொட்ட விடமாட்டார்கள். ஒவ்வொரு துண்டாகக் கையால் தூக்கி, தட்டி, குழாய்களைப் பிளந்து, வெயிலில் உலர்த்தித்தான் போடுவார்கள். உற்பத்தி பாதியாகும். ஒரு நாள்தானே என்று மேலாளரும் விட்டுவிடுவார். உலை அந்த நாளில் ருசி கண்டுவிட்டது, அன்றைக்குத்தான் மறுபடி கேட்கும் என்பது அவர்கள் கணக்கு. மறுநாள் கிரேன் வழக்கம்போலக் கொட்டும்.

மூன்றாவது வருடம் நிர்வாகம் ஓர் அறிவிப்பு செய்தது. கபடியில் ஜெயிக்கிற அணியில் காண்ட்ராக்ட் ஆட்கள் இருந்தால் அவர்களை பர்மனன்ட் ஆக்குவார்கள். எத்திராஜ் சேர்ந்ததிலிருந்து காண்ட்ராக்ட்தான். கும்மிடிப்பூண்டிப் பக்கத்தில் இருக்கும் ஆரணியில் அவர் வீட்டில் அவர் குடும்பம் போக, தங்கையும் அவள் பிள்ளைகளும் இருந்தார்கள். வேலை போனால் இரண்டு குடும்பத்துக்கும் அடுப்பு அணையும். ஆறு பேரை வைத்து ஜெயிக்கவும் முடியாது.

ஏழாவதாக ஆடத் தகுந்தவன் உலையிலேயே இருந்தான். ஒடிசாவிலிருந்து வந்த பிகாஷ். தமிழில் அவனுக்கு முழுதாகத் தெரிந்தது 'டீ', 'தள்ளு', 'கபடி' என்ற மூன்று சொற்கள். ஆனால் கோட்டைத் தாண்டி வந்தால் பிடிக்க முடியாது. மற்றவர்கள் அவனைச் சேர்க்க ஒப்பவில்லை. அந்த இடத்தில் ஆளை நிறுத்தினால் உலை அவனையும் கேட்கும் என்றார்கள். "நமக்கு இன்னா, ஊர் பேர் தெரியாத புள்ள மேல பழிய போட்டுக்கினு ஜெயிக்கணுமா?" என்று ஒருவர் கேட்டார்.

தங்கையிடம் சம்மதம் கேட்டதை எத்திராஜ் டீக்கடையில் என்னிடம் சொன்னார். அவள் அரிசி களைந்துகொண்டே பதில் சொன்னாளாம். "எடத்த வெச்சிக்கினு நாம இன்னாண்ணா பண்ணப் போறோம்? எறக்கு."

பிகாஷ் இடது ஓரத்தில் நின்றான். உலை அணி ஜெயித்தது. அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு மைதானத்தைச் சுற்றி வந்தார்கள். அவன் ஒடியாவில் ஏதோ கத்தினான். எல்லோரும் புரிந்ததுபோலத் திருப்பிக் கத்தினார்கள். அன்று மாலை உலையிலும் அவனைக் கோதண்டம் நின்ற இடத்தில்தான் நிறுத்தினார்கள். நான் ஷிப்டு முடிந்தும் வீட்டுக்குப் போகவில்லை. முதுகலைப் பட்டதாரி, மூடநம்பிக்கை இல்லாதவன், ஆபீஸ் ஜன்னலில் நின்று உலையின் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றும் நடக்கவில்லை. எப்படி நடக்கும்? அன்றைக்குத்தான் ஒவ்வொரு துண்டையும் தட்டிப் பார்த்தாகிவிட்டதே.

எத்திராஜும் இன்னும் இருவரும் பர்மனன்ட் ஆனார்கள். பிகாஷ் வேறு காண்ட்ராக்டரின் ஆள், அவனுக்கு ஒரு டிபன் கேரியர் கொடுத்தார்கள்.

பிறகு மழைக்காலம் வந்தது. ஒரு நாள் கரும்பலகையில் எழுத எனக்கு ஒன்றுமே அகப்படவில்லை. கையிலிருந்த புத்தகங்களையெல்லாம் புரட்டிவிட்டேன். அந்தத் தேதியில் உலகத்தில் யாரும் முடிசூடவில்லை, எந்தப் பந்தயத்திலும் யாரும் ஓடவில்லை. பலகையைச் சும்மா விட்டேன். யாரும் கேட்கவுமில்லை. முற்பகலில் சத்தம் கேட்டது. முதலில் இடி என்றுதான் நினைத்தேன். ஓடிப் போனபோது உலையின் முன்னால் மணலைக் கொட்டிக்கொண்டிருந்தார்கள். பிகாஷின் டிபன் கேரியர் சுவர் ஓரமாக, மூடியபடியே இருந்தது.

எத்திராஜ் நனைந்த ஸ்கிராப் மலையருகே நின்றுகொண்டிருந்தார். அழவில்லை. என்னைப் பார்த்து, "அந்த ஒரு நாளு பாத்துப் பாத்து போட்டோமே சார்" என்றார். நசுங்கிய குழாய் ஒன்றைக் காலால் புரட்டிவிட்டு, "மீதி நாளு இன்னா பண்ணிக்கினு இருந்தோம்?" என்றார். என்னைக் கேட்டமாதிரி இல்லை.

அடுத்த வருட விழாவில் உலை அணியிலிருந்து ஐந்து பேர்தான் இறங்கினார்கள், ஆறாவது ஆள் பிகாஷுக்காக வெளியே நின்றுகொண்டார். இரண்டு இடம் காலி. எதிரணித் தலைவர் அதைப் பார்த்துவிட்டு, தன் ஆட்களில் இருவரை வெளியே உட்காரச் சொன்னார். யார் ஜெயித்தார்கள் என்று எனக்கு நினைவில்லை. அதற்கடுத்த வருடம் மேலாளர் மாறினார், விளையாட்டு விழாவை எடுத்துவிட்டார்கள்.

ஆலையும் கைமாறிவிட்டது. மைதானத்தில் இப்போது லாரிகள் நிற்கின்றன. எத்திராஜ் ஓய்வுபெற்று ஆரணியில் இருக்கிறார், காது சரியாகக் கேட்பதில்லை. போன மாதம் அந்தப் பக்கம் போக வேண்டியிருந்தது. உலை அதே இடத்தில் எரிகிறது, ஆட்கள் எல்லாம் புதியவர்கள். வாசலில் ஒருவரிடம் இன்றைய தேதியைச் சொல்லி, அன்றைக்கு ஸ்கிராப்பைக் கையால் பார்த்துப் போடுவீர்களா என்று கேட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "எல்லா நாளும் ஒண்ணுதான் சார் இங்க" என்றார். உள்ளே கிரேன் நேராக உலையில் கொட்டும் சத்தம் கேட்டது.

அந்த ஒரு நாளும் போய்விட்டது.