பெர்லினிலிருந்து கிழக்கே

சனிக்கிழமை காலை ஏழே கால் மணிக்கு பீரோவுக்குள்ளிருந்து முதல் சத்தம் வந்தது.

டக்.

இது கட்டிச் சொன்ன கதை இல்லை. சுவேதா இன்றும் ஓசூரில்தான் இருக்கிறாள்.

அவள் கணவன் ராஜேஷ்குமார் ஜெர்மனிக்கு மெஷின் மாட்டப் போய் அங்கேயே இறந்தான். உடம்பு முதலில் வந்தது. அவன் வாட்ச் பிறகு கூரியரில் வந்தது. விலை உயர்ந்தது. பேட்டரி கிடையாது, கையில் கட்டி நடமாடினால்தான் ஓடும். முகப்பைச் சுற்றி ஒரு வளையம், அதில் உலகத்து ஊர்ப் பெயர்கள். பக்கத்துப் பொத்தானை அழுத்தினால் அடுத்த ஊர் உச்சிக்கு வரும். முள்ளும் அந்த ஊர் மணிக்குத் தாவும். வந்தபோது உச்சியில் நின்றது பெர்லின்.

இறந்தவரைப் பதினாறாம் நாள் கிணற்றடியில் பெயர் சொல்லி வீட்டுக்கு அழைப்பது அந்தக் குடும்பத்து வழக்கம். ‘சாமியா வந்து இரு’ என்று மட்டும்தான் சொல்ல வேண்டும். அந்த வெள்ளிக்கிழமை ராஜேஷின் அக்கா ரங்கம்மா, சொம்பின் மேல் வாட்ச்சை வைத்து அழைத்தாள். பக்கத்தில் நின்ற சுவேதாவின் ஐந்து வயது மகள் மோனிஷா குறுக்கே கத்தினாள்.

“அப்பா, வந்து என்னையும் கூட்டிட்டுப் போ!”

ரங்கம்மா அவள் வாயைப் பொத்தினாள். அதற்குள் மோனிஷா சொல்லி முடித்துவிட்டாள்.

மறுநாள் காலை அந்தச் சத்தம். பீரோவைத் திறந்தால் உச்சியில் கெய்ரோ.

ஞாயிறு, மாஸ்கோ. திங்கள், துபாய்...

“உசுரோட இருந்தப்ப லீவு குடுக்கல பாவிங்க. இப்பத்தான் ஊருக்குக் கெளம்பியிருக்கான்,” என்றாள் ரங்கம்மா.

“வெளையாடாதீங்க அண்ணி. யாரைக் கூட்டிட்டுப் போக வர்றாரு?”

ரங்கம்மா அதன் பிறகு சிரிக்கவில்லை.

சுவேதா பீரோவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

செவ்வாய். டக். கராச்சி.

அடுத்தது தில்லி. நம் ஊர் மணி.

அது வீட்டில் இருக்கக் கூடாது. புதன் காலை சத்தம் வரவில்லை. மாலை மகளை ரங்கம்மாவிடம் விட்டுவிட்டு, வாட்ச்சைப் பையில் போட்டுக்கொண்டு பாகலூர் ரோட்டுக்கு ஓடினாள். மாதேஸ்வரனின் வாட்ச் ரிப்பேர் கடை. படி ஏறும்போது பைக்குள்...

டக்.

மாதேஸ்வரன் பின்மூடியைக் கழற்றிப் பார்த்தார்.

“பழுது ஒண்ணுமில்லம்மா. பொத்தானை அழுத்தாம வளையம் நகராது.”

“பீரோவுலதாண்ணா இருந்துச்சு. அஞ்சு நாளா.”

“அஞ்சு நாளா? கட்டாம இருந்தா ரெண்டு நாள்ல நின்னுருக்குமே.”

வாரைத் தொட்டார். விரலைப் பார்த்தார். சட்டையில் துடைத்தார்.

“பெல்ட்டுல வேர்வை காயல. இப்பத்தான் யாரோ கையிலேந்து கழட்டியிருக்காங்க.”

செல் அடித்தது. ரங்கம்மாவின் நம்பர்.

பேசியது மோனிஷா.

“அம்மா, அப்பா வந்துட்டாரு. அத்தை எழுந்திரிக்க மாட்டேங்குது. நான் செருப்பு போட்டுக்கட்டா?”