தலைமுடிக்கு நான் போட்ட பூட்டு

போன கிழமை லண்டன் கிங்ஸ்பரியில் ஒரு பெரிய கடைக்குள் பத்து நிமிடம் மரம்போல நின்றேன். என் மனுசி தன் தலைக்குப் பூசுகிற கிரீம் வாங்கிவரச் சொல்லியிருந்தா. ஷாம்பூ அடுக்கிய தட்டுகளை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை பார்த்து நடந்தேன். இல்லை. கடைசியில், மூட்டுவலிக் களிம்புகளையும் தாண்டி, ஒரு சின்னத் தட்டில் அது இருந்தது. முன்னால் பிளாஸ்டிக் கதவு, கதவில் பூட்டு. அங்கே வேலை செய்கிற பெண் தமிழ்நாட்டுக்காரி. "இருங்க அங்கிள், சாவி மேனேஜர்கிட்ட இருக்கு, வாங்கிட்டு வரேன்" என்று போனவள்தான்.

நண்பரே, சாவிக்காக, எங்கட பேச்சில் திறப்புக்காக, காத்து நிற்கிற ஆளா நான்? இடுப்பில் திறப்புக் கோர்வையோடு திரிந்த ஆள். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் ஒத்துவராமல் போனது. அதற்குப் பிறகு லண்டனில் மூன்று கடை நடத்தினேன். யூனிவர்சிட்டி போனவன் மூன்று மாதம் யோசிப்பதை, ஒரு பிளேன்டீ ஆறுவதற்குள் யோசித்து முடிப்பேன். அதில் பாதி பிழையாகப் போகும் என்பது வேறு விசயம்.

ஒருவழியாக அவள் வந்து திறந்து ஒரு டப்பாவை நீட்டினாள். மூடியைத் திருகி மணந்து பார்த்தேன். வாங்குவதற்கு முன்னால் மூடி திறப்பது எங்கட ஆக்களின் பிறப்புரிமை. தேங்காயும் வனிலாவும் கலந்த அந்த வாசம் மூக்கில் ஏறியதுதான் தாமதம், ஃபாரஸ்ட் கேட்டில் இருந்த என் முதல் கடைக்குள் போய் நின்றேன்.

அந்தக் கடைக்கு முன்னால் நான் ஒரு சூப்பர்மார்க்கெட்டில் தட்டுகளில் சாமான் அடுக்கினேன். அங்கேதான் தலைமுடிக்கும் நாடு உண்டு என்று படித்தேன். நடுத்தட்டு முழுக்க 'சாதாரண முடிக்கு' என்று எழுதிய போத்தல்கள். யாருடைய முடி சாதாரணம் என்று போத்தலைத் திருப்பினால் பொன்னிறக் கூந்தலோடு ஒருத்தி சிரிப்பாள். என் தலையைத் தடவிப் பார்த்தேன். அதுவரை சாதாரணம் என்றுதான் நினைத்திருந்தேன். கறுப்பு ஆக்களின் சாமான் தரையோடு ஒட்டிய கடைசித் தட்டில். எடுக்க வருகிறவர்கள் முழந்தாளிட வேண்டும், என்னவோ பாவமன்னிப்புக் கேட்பதுபோல.

சொந்தக் கடை திறந்தபோது நான் அப்படி விடுவேனா? ஒரு சுவர் முழுக்கத் தலைமுடிக்கே ஒதுக்கினேன். மூன்று அட்டை எழுதித் தொங்கவிட்டேன்: வெள்ளை, ஆசியா, ஆபிரிக்கா. ஆசியாவில் நெல்லிக்காய் எண்ணெய், சீயக்காய், தலைக்கு அடிக்கிற கறுப்பு மை. ஆபிரிக்காவுக்கு மட்டும் கண்ணாடி அலுமாரி. ஈஸ்ட்ஹாமில் இழுத்து மூடிய ஒரு நகைக்கடையில் பிடித்தது, உள்ளுக்குள் லைட்டும் உண்டு. அந்தக் கிரீம் டப்பாக்கள் அதற்குள் தாலிக்கொடிபோல மின்னும்.

பூட்டு ஏன் போட்டேன்? 'அந்தச் சாமான்தான் களவு போகும்' என்று அந்தச் சூப்பர்மார்க்கெட் மேனேஜர் சொன்னது காதுக்குள் கிடந்தது. எத்தனை களவைக் கண்டேன் என்று கேட்காதீர்கள். ஒன்றையும் காணவில்லை.

இரண்டு கடை தள்ளி பொலின் என்ற ஜமேக்காக்காரி தலை பின்னுகிற சலூன் வைத்திருந்தாள். வியாழக்கிழமைகளில் வருவாள். அவளிடம் தலை பின்னிய பெண்கள் எல்லோரும் நேரே என் கடைக்குத்தான் வருவார்கள். என் கடை தலைதூக்கியதே அவளால் என்று இப்போது சொல்கிறேன். அப்போது கேட்டிருந்தால் என் மூளையால் என்றிருப்பேன். அவள் வந்தால் நான் கல்லாவை விட்டு வந்து, திறப்பைத் தேடி, திறந்து, எடுத்துக் கொடுத்து, அவள் கண்ணெதிரே பூட்டுவேன்.

ஒரு வியாழன் அவள் கேட்டாள். "மிஸ்டர், வெள்ளைக்காரியின்ர ஷாம்பூ ஓடிப்போகாதோ?"

"இது நகைக்கடை அலுமாரி, பொலின். உங்கட சாமானுக்கு நான் குடுக்கிற மரியாதை."

"நகையை என்னத்துக்குப் பூட்டுறவை? கள்ளருக்குப் பயந்துதானே?"

அவள் பேசியது இங்கிலீஷில். நான் யாழ்ப்பாணத் தமிழில் நினைவு வைத்திருக்கிறேன். கையிலிருந்த டப்பாவைக் கல்லாவில் வைத்துவிட்டுப் போனாள். அடுத்த வியாழன் வரவில்லை, அதற்கடுத்த வியாழனும் இல்லை. அவளோடு அந்தத் தெருப் பெண்கள் அத்தனை பேரும் நின்றுவிட்டார்கள். லைட் வெளிச்சத்தில் டப்பாக்கள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தன. முதல் கிழமை கல்லாக் காசை இரண்டு தடவை எண்ணினேன். இரண்டாம் கிழமை கடை நிற்குமா என்ற பயம் வந்துவிட்டது.

அந்தக் கிழமைதான் என் கடையில் முதல் கள்ளன் பிடிபட்டான். கோயிலில் மைக் பிடித்து ஒழுக்கம் பேசுகிற எங்கட பெரியவர் ஒருவர். ஆசியத் தட்டில் இருந்த கறுப்பு மை அவரின் கோட்டுக்குள் போனதைக் கண்ணால் கண்டேன். காசில்லாத மனிசனில்லை. மை அடிக்கிறது ஊருக்குத் தெரியக்கூடாதாம்.

"அண்ணை, பெட்டி தவறிக் கோட்டுக்குள்ளை விழுந்திட்டுதோ?"

"ஓமடாப்பா, இப்பதான் நானும் பாக்கிறன்."

அதற்குப் பிறகும் நான் பூட்டியது ஆபிரிக்காவைத்தான். ஆசியா திறந்தே கிடந்தது. பாருங்கள் என் மூளையை.

இதற்குள் வீட்டில் இன்னொரு கதை. என் மனுசிக்குச் சுருட்டை முடி. சும்மா சுருட்டை இல்லை, உள்ளே போன சீப்பு திரும்பி வராது. அதை எண்ணெய் வைத்து இழுத்துப் பின்னி அடக்கி வைத்திருந்தா. லண்டன் தண்ணீர் பட்டதும் கொத்துக்கொத்தாகக் கொட்டத் தொடங்கியது. நானும் ஆசியத் தட்டிலிருந்து ஒவ்வொரு போத்தலாகக் கொண்டுபோய்க் கொடுத்தேன். கொட்டினது கூடியதே தவிரக் குறையவில்லை. கடைசியில் தலையில் துணி கட்டாமல் வெளியே இறங்கமாட்டேன் என்று நின்றா.

ஒரு நாள் பின்னேரம் கடைக்குள் ஒரு பெண் வந்தா. தோள் வரைக்கும் சுருள் சுருளாக, மினுமினுவென்று முடி. "யெஸ் மேடம்" என்றுவிட்டேன்.

"மேடமோ? நான் உங்கட மனுசி."

பொலினிடம் போயிருக்கிறா. போனது மட்டுமல்ல, இது நாலாம் தடவையாம்.

"என்ன பூசினவள்?"

"உங்கட அலுமாரிக்குள்ளை கிடக்கிற அதே கிரீம்தான். அவ வேறை கடையிலை வாங்கி வைச்சிருக்கிறா." மூன்று அட்டையையும் அண்ணாந்து பார்த்தா. "இஞ்சருங்கோ, என்னை எந்தத் தட்டிலை அடுக்கப் போறியள்? பூட்டுக்கு உள்ளையோ, வெளியிலையோ?"

சாமான் வாங்க நின்ற நாலு பேரும் சிரித்தார்கள். நான் ஸ்குரூடிரைவரை எடுத்தேன். கதவையே கழற்றிப் பின்பக்கம் வைத்துவிட்டு நேரே சலூனுக்குப் போனேன். ஒரு பெண்ணின் தலை பொலினின் கையில் பாதியில் இருந்தது. வழிமுழுக்க மன்னிப்புக் கேட்பதென்றே நினைத்துப் போனேன். வாயைத் திறக்க வந்தது வேறு.

"பூட்டுப் பழுதாப் போச்சு, பொலின். கதவைக் கழட்டிட்டன்."

என்னை மேலும் கீழும் பார்த்தாள். "பாவம் பூட்டு" என்றாள்.

வியாழன் வந்தாள். தானே எடுத்தாள், காசு கொடுத்தாள். பிறகு தன் கைப்பையை என் முகத்துக்கு நேரே விரித்தாள். "பாருங்கோ மிஸ்டர். சீப்பு, பைபிள், மிளகாய்ச் சோஸ். உங்கட சாமான் ஒண்டுமில்லை." வரிசையில் நின்றவர்கள் விழுந்து சிரித்தார்கள். நானும் பல்லைக் காட்டினேன். "பகிடியை விடு, பொலின்" என்றால் இன்னும் அகலமாக விரிப்பாள். ஒவ்வொரு வியாழனும், ஒன்பது வருசம். சிரிப்போடு சிரிப்பாக ஒவ்வொரு தடவையும் எனக்குள் ஒரு ஊசி இறங்கும். மன்னிப்பென்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் நிறுத்துவாள் என்றும் தெரியும்.

பிறகு வாடகை ஏறி அவள் சலூனை மூடினாள். மகளோடு பர்மிங்ஹாமுக்குப் போவதற்கு முதல் நாளும் வந்தாள், பையை விரித்தாள். கடையில் வேறு ஆளில்லை. சொல்ல அதைவிட நல்ல நேரம் இல்லை. "கிரீம் வேணுமெண்டால் சொல்லு, பார்சலிலை அனுப்பிறன்" என்றேன்.

"பூட்டி அனுப்பாதேங்கோ" என்று சிரித்துக்கொண்டு போனாள்.

அவளின் சலூன் இப்போது நாய்களுக்கு முடிவெட்டுகிற கடை. சாதிக்கொரு ஷாம்பூ அடுக்கியிருக்கிறார்கள், ஒன்றுக்கும் பூட்டில்லை. என் கடை கோப்பிக் கடையாகிவிட்டது. வியாழக்கிழமைகளில் பையை விரித்து என் மூஞ்சியில் அடிக்க இந்த லண்டனில் இப்போது ஒருவரும் இல்லை. மூன்று கடை நடத்திய வாய் இது. 'பிழை என்னிலைதான், பொலின்' என்று சொல்ல அதுக்கு ஒன்பது வருசம் போதாமல் போய்விட்டது.