தலைக்கு மேல் போன கை

இதை எழுதலாமா வேண்டாமா என்று எத்தனையோ வருஷம் தள்ளிப்போட்டேன். சாமி சம்பந்தப்பட்ட காரியம், கோபத்தோடு எழுதினால் பாவமாகிவிடுமோ என்ற பயம். கோபம் ஆறட்டும் என்று இருந்தேன். ஆறவில்லை.

அறுபதுகளில் இலங்கையில், இரத்தோட்டைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் இருந்தோம். என் மனைவி கொழுந்து பறிப்பவள். வலது தோளில் நோவு வந்து, பறித்த கொழுந்தைத் தோளுக்கு மேலாக முதுகுக் கூடையில் போட முடியாமல் தவித்தாள். தவறணையில், அதுதான் கன்று வளர்க்கும் இடத்தில், உட்கார்ந்தபடி தேயிலைக் கன்றுகளுக்கு மண் நிரப்பும் வேலை கிடைத்தால் கை பிழைக்கும். அதற்கு டொக்டர் ஐயா எழுதித் தரும் துண்டுச் சீட்டு வேண்டும்.

அவருடைய சோதனை ஒன்றே ஒன்றுதான். கை தலைக்கு மேல் போனால் கொழுந்து பறிக்க மலைக்கு, போகாவிட்டால் தவறணைக்கு.

டிஸ்பென்சரியில் மருந்து அலுமாரிக்கு மேலே முருகன் படம் இருந்தது. ஐயா எங்களுக்கு முதுகைக் காட்டியபடி அலுமாரியில் எதையோ தேடிக்கொண்டிருந்தார். நான்தான் சும்மா இருக்காமல், "புள்ள, சாமியக் கும்புட்டுக்க. நல்லபடியா முடியும்" என்றேன்.

"ஒத்தக் கையாலயாங்க?"

"சாமிக்கு ஒத்தக் கையா? என்னா பேச்சு இது?"

பல்லைக் கடித்துக்கொண்டு, இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்து, தலைக்கு மேலே இழுத்துக் கும்பிட்டாள். நோவில் கண் கலங்கிவிட்டது. அந்த நேரம் பார்த்து ஐயா திரும்பினார்.

"அடேயப்பா, கூரையவே தொட்டுருவா போல. போ, மலைக்குப் போ."

"இல்லீங்கையா, அந்தக் கைய இந்தக் கைதான் தூக்குச்சுங்க. சாமிக்காகத்தான்..." என்றாள்.

"சாமிக்குப் போற கை கூடைக்குப் போகாதா?"

வாசலில் நின்ற கங்காணி சிரித்தார்.

வேலைக்கு ஏற்றவள் என்று துண்டில் எழுதிவிட்டார். தோளைத் தொட்டும் பார்க்கவில்லை. தலை சீவ முடிகிறதா, ரவிக்கை போட முடிகிறதா, மத்தியானத்துக்குப் பிறகு அந்தக் கை என்ன பாடுபடுகிறது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவளுக்குத் தலை சீவிவிட்டவன் நான். என்னையாவது கேட்டிருக்கலாம்.

மலைக்குப் போனாள். இரண்டு மழைக்காலம் தாங்கினாள். பிறகு அந்தக் கை சோற்றை வாய்க்குக் கொண்டுபோகவும் மறுத்தது. வேலைக்கு லாயக்கில்லை என்று பேரை வெட்டினார்கள். அதை எழுதினதும் அதே ஐயாதான்.

முருகன் மேல் எனக்குக் குறையில்லை. இன்றைக்கும் அவளுக்கும் சேர்த்து நானே கும்பிடுகிறேன். கோபமெல்லாம் அந்த ஐயா மேல், அந்தச் சிரிப்பின் மேல், வாயை மூடிக்கொண்டிருக்காத என் மேல்.

படிப்பவர்கள் இதை மற்றவர்களுக்கும் சொல்லுங்கள், மாற்றாமல் சொல்லுங்கள். அவள் கும்பிட்டாள் என்றே சொல்லுங்கள். கையைத் தூக்கினாள் என்று சொன்னால், அது அந்த ஐயா எழுதின கதையாகிவிடும்.