பன்னிரண்டாயிரம் இலை

கணக்கு டீச்சர் வேலையை விட்டுவிட்டு மாயாஜால நாவல் எழுத உட்கார்ந்து ஆறு வருஷமாகிறது. விடிந்ததும் உட்கார்ந்தால் பத்து மணி வரை எழுதுவேன். திருத்துவது மட்டும் காகிதத்தில்தான். திரையில் என் தப்பு எதுவும் என் கண்ணில் படாது. அதனால் ஓர் அத்தியாயம் முடிந்ததும் பென் டிரைவை எடுத்துக்கொண்டு காரைக்குடி பஸ் ஸ்டாண்ட் பக்கத்து ஜெராக்ஸ் கடைக்குப் போய்விடுவேன்.

கடையை நடத்தும் பெண்ணுக்கு முப்பது வயதிருக்கும். தாள் விழ விழப் படித்துக்கொண்டே அடுக்குவாள். நான் கவனிக்காத மாதிரி பஸ்ஸைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். அவள் எங்கே சிரிக்கிறாள், எங்கே கொட்டாவி விடுகிறாள் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடமாகிவிடும்.

மூன்றாவது நாவலின் போர் அத்தியாயத்தைக் கொண்டுபோன அன்று அவள் சிரிக்கவும் இல்லை, கொட்டாவி விடவும் இல்லை. கதையில் பன்னிரண்டாயிரம் வீரர்களும் நாற்பது பறக்கும் யானைகளும் ஒரு மலைத்தொடரை எட்டு நாளில் கடக்கிறார்கள். எழுத எனக்கு ஒரு மாதம் பிடித்தது.

"தப்பா நினைக்காதீக டீச்சர், எட்டு நாளும் இவுக என்னத்தைச் சாப்பிட்டாக?"

"மாயாஜாலக் கதைதானேம்மா."

"யானை பறக்குறதை நான் நம்பிட்டேன் டீச்சர். பசிக்காம எப்படி நடப்பாக?"

வீட்டுக்கு வந்து, நூறு பேருக்கு ஆகும் அரிசியை நூற்றிருபதால் பெருக்கிப் பார்த்தேன். வந்த எண்ணைப் பார்த்ததும் நோட்டை மூடிவைத்துவிட்டேன். பெரிய பந்தி என்றால் இவர்தான் என்று எல்லோரும் சொல்லும் ஒரு சமையல் மாஸ்டர் கண்டனூரில் கல்யாண வேலையில் இருப்பதாகக் கேள்விப்பட்டு, மறுநாள் பஸ் ஏறினேன்.

கல்யாண வீட்டுப் பின்கட்டில் வெங்காயம் உரிப்பவர்களுக்கு நடுவே மாஸ்டர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். நான் வாயைத் திறப்பதற்குள் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார்.

"வாங்க தாயி. எத்தனை இலை?"

"பன்னிரண்டாயிரம்."

பேனாவை மூடினார். "கட்சி மாநாடா?"

விஷயத்தைச் சொன்னேன். சிரிப்பார் என்று பார்த்தால், கண்ணை மூடிக் கடைசி வரை கேட்டார். பிறகு ஒவ்வொன்றாக ஆரம்பித்தார்.

"அரிசியைப் பெருக்கிட்டீக, சரி. உப்பையும் காரத்தையும் அப்படிப் பெருக்கினா வாயில வைக்க முடியாது. மலை மேல தண்ணிக்கு எங்குட்டுப் போவீக? விறகு நனைஞ்சா? இத்தனை பேருக்கு மூணு வேளை ஆக்கிப் போட்டா படை நடக்காது, சமைச்சுக்கிட்டேதான் இருக்கும்." கொஞ்சம் யோசித்துவிட்டு, "அந்த யானைகளை மூட்டை தூக்கச் சொல்லுங்க" என்றார்.

"அதெல்லாம் சண்டை போடுற யானைண்ணே."

"சண்டை எட்டாம் நாளுதானே? ஏழு நாளும் சும்மாதானே பறக்குதுக?"

வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த அம்மாக்கள் எல்லோரும் அவர் பக்கம்தான்.

அத்தியாயத்தை முதலிலிருந்து எழுதினேன். படை தொள்ளாயிரம் பேராகச் சுருங்கியது. யானைகள் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு அரிசி மூட்டை சுமந்தன. நான் திட்டமிடாத ஒரு சமையல்காரர் கதைக்குள் வந்து, தளபதியையே அதட்ட ஆரம்பித்தார். ஜெராக்ஸ் கடையில் அந்தப் பெண் நாலு இடத்தில் சிரித்தாள். ஓரிடத்தில் பிரிண்டரை நிறுத்திவிட்டே சிரித்தாள்.

ஒரு பிரதியை மாஸ்டரிடம் கொடுக்கப் போனேன். நின்றபடியே முழுக்கப் படித்தார். நன்றாயிருக்கிறது என்றெல்லாம் சொல்லவில்லை.

"இந்த ஆளு கடைசி வரைக்கும் இருப்பாருல்ல?"

என் திட்டப்படி பத்தொன்பதாம் அத்தியாயத்தில், ராணிக்கு வைத்த விஷத்தை ருசி பார்த்து அந்தச் சமையல்காரர் சாகவேண்டும். அந்தச் சாவை நம்பித்தான் பாதி நாவலே நின்றது.

"இருப்பாருண்ணே" என்று சொல்லிவிட்டேன்.

அந்த ஒரு வார்த்தைக்காக ஏழு அத்தியாயங்களைப் பிரித்துக் கட்ட வேண்டியதாயிற்று. விஷக் கிண்ணத்தை யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் ஒரு வாரம் அறைக்குள் நடந்தேன். கடைசியில் அது ஒரு யானையின் வால் பட்டுக் கவிழ்ந்தது.